ஓட்டலாம் என்ற கடிதம்

முதலில் அதை வாயுத் தொல்லை என்றுதான் சேவுகன் நினைத்தார். திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும். கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு இஞ்சி சோடா குடிப்பார். ஏப்பம் வருவதற்கும் படபடப்பு அடங்குவதற்கும் சரியாக இருக்கும். சோடாதான் கேட்டது என்று நம்பிக்கொள்வார். இப்படியே இரண்டு வருடம் போனது.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பொன்னழகி மோட்டார்ஸ் என்ற தனியார் கம்பெனியில் பதினோரு வருடமாக டிரைவர். புதுக்கோட்டையிலிருந்து மழையூர் வழியாகக் கறம்பக்குடி, திரும்பப் புதுக்கோட்டை. அதே வண்டியில் அதே பதினோரு வருடமாகக் கண்டக்டர் சார்லஸ். இவரைவிட ஆறு வயது இளையவர். ஜனங்கள் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'சேவுகன் வண்டி போயிருச்சா' என்றுதான் கேட்பார்கள். பிரேக் போட்டால் நிற்கிற பாட்டிகூடத் தள்ளாட மாட்டாள் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

பங்குனி மாதத்தில் ஒருநாள் படபடப்பு அடங்கவில்லை. வண்டியைக் கறம்பக்குடியில் நிறுத்திவிட்டு சீட்டிலிருந்து இறங்கப் பார்த்தார். முடியவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. சார்லஸ் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னண்ணே இது. ஒண்ணு அடிக்குது, ஒண்ணு விடுது, அப்பறம் மூணு சேந்தாப்ல அடிக்குது."

"காஸுதான்டா, வாயு."

"காஸு நாடியில வந்து அடிக்குமா? எந்திரிங்க, டாக்டர்ட்ட போவோம்."

அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். திருச்சி டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். உயிரை உடனே எடுக்கிற வியாதி இல்லை. ஆனால் நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை. ஆறு மாதம் சாப்பிட்டார். ஷேவ் பண்ணும்போது கீறிக்கொண்டால் அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. படபடப்பு மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டே இருந்தது.

"அப்லேஷன் பண்ணிரலாம்" என்றார் டாக்டர். தொடை ரத்தக்குழாய் வழியாக வயரை இதயத்துக்குள் விட்டு, தப்பான மின்சாரம் கிளம்புகிற இடத்தைச் சுற்றிச் சுட்டுவிடுவது. செலவுக்கு நகையெல்லாம் விற்று, மனைவி பிரகதீஸ்வரியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது.

சுட்ட அன்று ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தார். தொண்டை புண்ணாகியிருந்தது. ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் குத்தியது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது பார்த்தால் வலது தொடை முழுக்க நாவல்பழ நிறம். குடத்தைத் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, மூன்று மாதம். சுட்ட புண் ஆறுகிற வரைக்கும் அவ்வப்போது படபடக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பயப்படாமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. பத்து அடி நடந்தால் அயர்ச்சி. மத்தியானம் தூங்கி எழுந்தால் அழுகை வந்தது, எதற்கென்றே தெரியாமல். பார்க்க வந்தவர்கள் நெஞ்சில் தையல் தேடினார்கள். தையல் இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் இருந்த மரியாதை குறைந்தது.

"ஆளு கல்லு மாதிரி இருக்கீங்க. ஆப்பரேசனுங்குறீங்க, ஒரு கீறலக் காணாம்" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

முதலாளி செம்மல் ஒரு தடவை வந்தார். முப்பத்து நாலு வயது. அப்பா இறந்த பிறகு ஐந்து பஸ்ஸையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆப்பிள் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"சேவுகண்ணே, வண்டி ஒங்களுக்காகக் காத்திருக்கு. டாக்டர்ட்ட ஓட்டலாம்னு ஒரு லெட்டர் மட்டும் வாங்கியாந்துருங்க."

மூன்று மாதம் முடிந்ததும் திருச்சிக்குப் போனார்கள். நெஞ்சில் மெஷினை ஒட்டி ஒருநாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். சுத்தமாக இருந்தது. கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட டாக்டர் வாயாலும் சொன்னார்: "மறுபடி படபடப்பு வந்தா, தலை சுத்துனா, அந்த நிமிஷமே ஓட்டுறத நிறுத்தணும். எனக்கு போன் பண்ணணும்."

"சரிங்கய்யா."

சேவுகன் திரும்பவும் ஸ்டியரிங்கைப் பிடித்த அன்று மழையூரில் பூக்காரி ஒருத்தி முழம் மல்லிகையைக் கொண்டுவந்து கண்ணாடியில் கட்டினாள். பத்து நாள் நன்றாகப் போனது. பதினோராவது நாள், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் புறப்படும் நேரத்துக்குக் காத்திருந்தபோது நெஞ்சு பழையபடி அடித்தது. பத்து நிமிடம். டாக்டரின் நம்பர் போனில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சார்லஸ் கண்ணாடியில் அவர் முகத்தைக் கவனித்திருந்தார்.

"வந்துருச்சாண்ணே?"

"சின்னதா. யார்ட்டயும் சொல்லிறாத."

"நான் ஏன் சொல்றேன். ஒங்களுக்கு வண்டி போனா எனக்கு மட்டும் இருக்குமா?"

அதன் பிறகு பதினெட்டு நாள் ஓட்டினார். நாலு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, இருமி, தண்ணீர் குடித்து, எப்படியோ அடுத்த நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டில் பிரகதீஸ்வரி கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அவள் கேட்பதை நிறுத்தவில்லை. அவர் பொய் சொல்வதையும் நிறுத்தவில்லை.

பத்தொன்பதாவது நாள் காலை, மழையூர் தாண்டி ஒரு வளைவு. பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். படபடப்பு ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. அப்பாடா என்று நினைத்தார். நினைத்த அந்த நொடியில் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிக் கறுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளைகள் அலறுவது கேட்டுக் கண் திறந்தபோது முன்சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஆட்டுக்குத் தழை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண். பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றபோது அந்தப் பெண்ணுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுகூட இடமில்லை. தழைக் கட்டு கீழே விழுந்து சிதறியிருந்தது. அவள் திட்டவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

சற்று முன்னால்தான் எதிரில் ஒரு மணல் லாரி போயிருந்தது. சார்லஸ் படியிலிருந்து குதித்து, "லாரிக்காரன் எப்படி வாரான் பாருங்க, கொஞ்சமாச்சும் ஒதுங்குறானா" என்று சத்தம் போட்டார். எல்லோரும் லாரியைத் திட்டினார்கள். ஒரு வாத்தியார் சேவுகனின் தோளைத் தட்டி, "நீங்க இருந்ததால பிள்ளைங்க தப்பிச்சாங்க" என்றார்.

அந்தக் கை பட்ட இடம் சாயங்காலம் வரைக்கும் எரிந்தது.

கடைசி நடை முடிந்ததும் சார்லஸ் சொன்னார்: "லாரி மேல போட்டாச்சு. விடுங்க. நாளைக்கு லீவு சொல்லிட்டுத் திருச்சி போயிட்டு வாங்க. மத்தத அப்பறம் யோசிப்போம்."

சேவுகன் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போனார். செம்மல் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். சேவுகன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் வந்த முதல் படபடப்பு, நாலு தடவை மறைத்தது, கண் இருண்டது, தழைக் கட்டு.

செம்மல் நாற்காலியைத் திருப்பினார். "பதினெட்டு நாளா தெரிஞ்சே ஓட்டுனீங்களா?"

"ஆமா."

"வேற யாருக்குத் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று சேவுகன் யோசித்திருக்கவில்லை. பாரத்தை இறக்கி வைக்கிற வேகத்தில் இருந்தார். "சார்லசுக்குத் தெரியும்" என்றார். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

உண்மையைச் சொன்னதற்கு யாராவது நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று அவர் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். நெஞ்சு வியாதியை மறைத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவன் என்றார்கள். தோளைத் தட்டின வாத்தியார் கடைவீதியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைச் சேவுகனால் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. பேச்சு அத்தனையும் உண்மையாக இருந்தது.

பிரகதீஸ்வரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. மொதலாளிட்ட போயி எல்லாத்தையும் சொல்லியிருக்கீங்க. நான் யாரு ஒங்களுக்கு?"

சோறு ஆறியது.

திருச்சி டாக்டர் கோபப்படவில்லை. படபடப்பு நிற்கும்போது அடுத்த துடிப்பு கிளம்பச் சில நொடி தாமதமாகிறது, அதில்தான் கண் இருண்டிருக்கிறது என்று விளக்கினார். முதல் தடவை சுட்ட வளையத்தில் இரண்டு இடத்தில் இடைவெளி இருந்தது. அது வழியாக மின்சாரம் திரும்பக் கசிந்திருக்கிறது. இரண்டாம் முறை அப்லேஷன். மறுபடி மல்லாந்த ஆறு மணி நேரம், மறுபடி கறுத்த தொடை. இந்தத் தடவை யாரும் ஆப்பிளோடு வரவில்லை. தையல் தேடவும் ஆள் இல்லை. பிரகதீஸ்வரி அவர் காலைத் துடைத்துவிட்டாள், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். "வலிக்குதா" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டு என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது பதினான்கு மாதமாகிறது. ஒரு தடவைகூட வரவில்லை. போன மாதம் ஒரு வாரத்துக்கு மெஷின் மாட்டிப் பார்த்தார்கள். துடிப்பை அடக்குகிற மாத்திரையை நிறுத்தியாயிற்று. டாக்டர் இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முந்தையதைவிட நீளமான கடிதம்.

சேவுகன் அதை எடுத்துக்கொண்டு செம்மலிடம் போனார். செம்மல் முழுக்கப் படித்தார்.

"ரொம்ப சந்தோசம்ணே. ஒடம்பப் பாத்துக்கங்க."

"வண்டி..."

"லெட்டர் மொதத் தடவையும் இருந்துச்சேண்ணே."

வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் போனார். அவர் உட்காருவதற்கு முன்பே அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று திரும்பும் வழியில் சார்லஸ் வீட்டுக்குப் போனார். பதினான்கு மாதமாகப் போகாத வீடு. சார்லஸின் மனைவி இன்னாசியம்மாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, "வாங்க" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. சார்லஸ் வெளியே வந்தார். நரைத்திருந்தார். நாலு மாதம் வேலையில்லாமல் இருந்து, இப்போது ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் கட்டி ஏற்றுகிற வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. விரல்கள் வெடித்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தன.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"நல்லாயிருச்சு. டாக்டரு ஓட்டலாம்னுட்டாரு."

"நல்லது."

சேவுகன் குனிந்து, வெளியே சிதறியிருந்த நெல்லை உள்ளே தள்ளிவிட்டார்.

"நான் உண்மையச் சொல்லணும்னுதான் போனேன் சார்லசு. பிள்ளைங்க வண்டியில..."

"அதத் தப்புன்னு நான் சொன்னேனா?" சார்லஸ் குரலை உயர்த்தவில்லை. "சொல்ல வேண்டியதுதான். நானும்தான் மறைச்சேன், எம்மேலயும் தப்பு இருக்கு. ஆனா போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த, 'நான் சொல்லப் போறேன்டா'ன்னு சொல்லியிருக்கலாம். நானும் கூட வந்து நின்னுருப்பேன். நானே சொல்லியிருப்பேன். எனக்கு அந்த வழியே இல்லாமப் பண்ணிட்டீங்க. நீங்க உண்மையச் சொன்ன ஆளு. நான் மாட்டிக்கிட்ட ஆளு."

சேவுகன் வாயைத் திறந்தார்.

"மன்னிப்பெல்லாம் கேக்காதீங்கண்ணே. கேட்டா நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்."

இன்னாசியம்மாள் காலால் நெல்லைக் கிளறிவிட்டபடி, "வெயில் ஏறுது. பஸ் வரப்போகுது, ஸ்டாப்புக்குப் போயிருங்க" என்றாள்.

அவர் ஸ்டாப்புக்கு நடந்தார். வெயிலில் முக்கால் கிலோமீட்டர். மூச்சு வாங்கவில்லை. நெஞ்சு ஒரே சீராக, எந்தக் குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. பஸ் வந்ததும் டிரைவருக்குப் பின்சீட்டு காலியாக இருந்தும் உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் போய், ரோடு தெரியாதபடி ஒரு ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.