மத்தியாஸ் எடுக்காத லீவுகள்

மத்தியாஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, அவர் எடுக்காமல் விட்ட லீவு நாட்களெல்லாம் புந்தோங்கில் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு நாளும் தன் வெயிலையோ மழையையோ கூடவே கொண்டு வந்திருந்தது. பூச்சட்டிக்குப் பக்கத்தில் தொண்ணூற்றெட்டாம் வருடத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று சுள்ளென்று காய்ந்தது. மோட்டார் சைக்கிளின் மேல் ஒரு பழைய டிசம்பர் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் புனிதா அதிசயப்பட்டு நிற்கவில்லை. ஈரத்துணியைக் கொண்டுவந்து செவ்வாய்க்கிழமையில் காயப்போட்டாள்.

லகாட்டில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மத்தியாஸ் மேற்பார்வையாளராக இருந்தவர். பிறந்தது ரப்பர் தோட்டத்தில். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்று பார்த்து வளர்ந்தவருக்கு, லீவு எடுப்பதே திருட்டு மாதிரி. காய்ச்சலோடு வேலைக்குப் போனார். கல்யாணமான மறுநாளும் போனார். பாகான் டத்தோ கடலைக் காட்டுகிறேன் என்று மனைவி ரோசரிக்குக் கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே கிடந்தது. பூனைக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குக் கீழே வேலை பார்த்த ஷெரில் லீவு கேட்டபோது அவர் திட்டிய திட்டு தொழிற்சாலை முழுக்கக் கேட்டது. முப்பது வயதுகூட ஆகாத அந்த ஷெரில்தான் இப்போது அவருடைய இடத்தில் இருக்கிறாள்.

வந்த நாட்களை மத்தியாஸ் தொடவில்லை. கம்பெனி சொத்து என்றார். ஆனால் சந்தையில் மீந்த கீரை மாதிரி அவை வாடத் தொடங்கின. அதிலும் கல்யாணத்துக்கு மறுநாள், ரோசரி பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்த நாள், ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. ரோசரி அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு மத்தியாஸால் வீட்டில் இருக்க முடியவில்லை. உடனே லகாட்டுக்குப் போய், நாட்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ஷெரிலிடம் கேட்டார்.

“கம்பெனி அதுக்கு வேண்டியத அப்பவே எடுத்துக்கிச்சு அங்கிள். இது உங்களோடது லா. ஆன்ட்டியக் கூட்டிக்கிட்டுப் போங்க,” என்றாள் அவள்.

“போயி என்னா செய்யறது?”

“ஒண்ணும் செய்ய வேணாம். அதுக்குப் பேருதான் லீவு.”

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. “ரோசரி, வா, போலாம்,” என்றார். இருவரும் அந்த வெளுத்த நாளுக்குள் நடந்து, பஸ் பிடித்து, பாகான் டத்தோவில் இறங்கினார்கள். முழங்கால் வலி மட்டும் இந்த வருடத்தது. வெயிலும் காற்றும் இளநீரும் அந்த வருடத்தவை. சொல்லப்போனால் அது கலங்கல் கடல், சேறுதான் அதிகம். ரோசரிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று உரக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது மத்தியாஸுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் இதை விட்டுவிட்டோமே என்று அழுதார். பிறகு அவரும் சிரித்தார்.

ஷெரிலுக்கு நன்றியாக, வாசலில் இருந்தவற்றில் மழையில்லாத நாளாகப் பார்த்து ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். “வேணாம் அங்கிள், என்னோடத நானே எடுத்துட்டேன்,” என்றாள். வழக்கமாகத் திட்டுகிறவர், சரிதான் என்று தலையாட்டினார்.

அடுத்த மாதம் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றுபோனது. மத்தியாஸ் போனை எடுக்கவில்லை என்று முதலாளியே நேரில் வந்தார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த புனிதா நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணனும் அக்காவும் தொண்ணூத்தி மூணுக்குப் போயிருக்காங்க. இருட்டறதுக்குள்ள வந்துருவாங்க.”

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவசரமில்லை, லீவில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.