இரண்டு சிவப்பு

வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவள் அச்சு மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தாள். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் கணவனின் முகம் ஆளுயர பேனராக வாசலில் நின்றாக வேண்டும்.

விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் மனிதர். ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கும் கடைத் திறப்புக்கும் பேனர் அடித்தவர். அவர் படத்தை அடிக்கலாம் என்று கொழுந்தன் மெஷினைப் போட்டால், முகம் பச்சை பூத்து வெளியே வந்தது. அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சோதனைக் கோடுகளை ஓட்டினாள். மற்ற நிறங்கள் ஒழுங்காக விழ, சிவப்பு மட்டும் பல் போன சீப்பாக இருந்தது. மை துப்பும் ஹெட்டில் துளைகள் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தன.

எல்லாம் அவர் வாங்கி ஊற்றிய மலிவு மையின் வேலை. அதை வைத்து இருவரும் போடாத சண்டையில்லை. அது வெறும் கசடு, ஹெட்டை அரித்தே தீர்த்துவிடும் என்பாள் அவள். மை என்றால் மைதான், ஒட்டினால் சரி என்பார் அவர். பிடிவாதமாக அவள் வாங்கி அலமாரியில் வைத்திருந்த நல்ல சிவப்பை, "இது என் வீட்டுக்காரியோட சென்ட் பாட்டில்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார்.

கொழுந்தன் கையைப் பிசைந்தான். பக்கத்துத் தெருக் கடையில் அடித்துக்கொள்ளலாமே என்றான்.

"அவர் முகத்தை இன்னொருத்தன் மெஷின்ல அடிக்கறதா? வேற பேச்சு பேசுங்க தம்பி."

இரண்டு மையும் கலந்தால் கெட்ட பாலாகத் திரிந்துவிடும். குழாயிலிருந்த பழையதைச் சொட்டுவிடாமல் வடித்தாள். சிரிஞ்சில் கிளீனிங் லிக்விடை ஏற்றி, ஹெட்டுக்குள் மெல்ல, மிக மெல்லத் தள்ளினாள். அவசரப்பட்டு அழுத்தினால் ஹெட்டும் போச்சு, படமும் போச்சு. முதலில் சேறாக வந்தது, பிறகு வெளிர் சிவப்பாக, கடைசியில் தெளிவாக. அழுதுகொண்டிருந்த நாத்தனார் வந்து, இந்த நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

சென்ட் பாட்டிலைத் திறந்து நல்ல சிவப்பை ஊற்றி ஓட்டினாள். கோடுகள் பாதி வந்தன. மறுபடி கழுவினாள், முக்கால்வாசி வந்தன. துக்க வீட்டில் இப்படி ஒரு உற்சாகமா என்று வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கப்பட நேரமில்லை. இன்னொரு முறை கழுவி ஓட்டியதும் ஒரு கோடுகூட விடுபடவில்லை.

"வந்துடுச்சு அண்ணி," என்றான் கொழுந்தன், கல்யாண வீட்டுக் குரலில்.

படம் ஓடியது. ஹெட் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்க, நெற்றி வந்தது, புருவம் வந்தது. நடுவில் நாலு துளை அடைத்தால் போதும், மூக்குக்குக் குறுக்கே கோடு விழும். மூவரும் மெஷின்மேல் குனிந்து நின்றார்கள். கன்னம் வந்தபோது, அண்ணன் இவ்வளவு நல்ல நிறமா என்று நாத்தனார் கேட்டாள். உதடு வந்தது. வழக்கமான அந்தக் கேலிச் சிரிப்பு, ஒரு கீறலில்லாமல்.

பேனரை வாசலுக்குத் தூக்கிப்போனார்கள். அவள் அவர் அருகில் போய் உட்கார்ந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குளிப்பாட்டியும் அவர் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. அவள் நகத்திலும் இப்போது சிவப்பு. நிறம் பார்க்கும்போது செய்வதுபோல, இரண்டு விரலையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

அவருடையது ஒரு மாற்றுக் குறைவுதான். இந்த ஒரு தடவை அவள் சொல்லிக்காட்டவில்லை.