பெட்டிக்குள் அடங்காதவள்

கப்பலில் எல்லோரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தச் சந்திலும் உடம்பை நுழைத்துவிடுவாள் என்பதால் வந்த பேர். புருஷன் மேஜிக்காரன். நீல வெல்வெட் ஒட்டிய பெட்டிக்குள் அவள் ஏறுவாள், அவன் கதவைச் சாத்துவான். உள்ளே அவள் பின்பலகையைத் தள்ளி, அதற்குப் பின்னால் இருக்கும் ஒளிவிடத்தில் முழங்காலை மூக்கோடு ஒட்டி மடங்கிக்கொண்டு, பலகையை மூடிக்கொள்வாள். கதவைத் திறந்தால் பெட்டி காலி. விடுமுறையைக் கழிக்க வந்த ஜனம் வாயைப் பிளக்கும். சில்லறைச் சீட்டு வித்தைகள் அவனுக்குத் தெரியும் என்றாலும், இந்த ஒரே வித்தையை வைத்துத்தான் இருவரும் சந்தைத் திடலிலிருந்து பொருட்காட்சிக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் ஏறி வந்தார்கள்.

அதற்கு முன்னால் அவள் செங்கல் சுமந்தவள். அப்பன் மூட்டை தூக்கியே கூனிப்போனவர். கரையில் இறங்கினால் மறுபடியும் தலையில் சும்மாடுதான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மடங்குவதைப் பற்றி ஒருநாளும் முனகியதில்லை.

கொஞ்ச காலமாகப் பெட்டி அவளை நெருக்கியது.

"ஒடம்பு ஏறிக்கிட்டே போகுதுடி ஒனக்கு," என்றான் மேஜிக்காரன். "பெட்டியா சுருங்கும்?"

அவள் சோற்றை விட்டாள். ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்கள் தட்டை வழிக்கும்போது வெள்ளரிக்காயைக் கடித்து வெந்நீரைக் குடித்தாள். மருந்தறையில் இருந்த எடை மெஷினில் ஏறி நின்றால், அலைக்குத் தகுந்தபடி முள் மேலும் கீழும் ஆடியது.

"கப்பல்ல மெஷினை நம்பாத. கண்ணாடியில பாரு," என்றான் அவன்.

கண்ணாடியில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இருந்தாலும் அவன் சொன்ன பிறகு அவளுக்கே அவள் குண்டாகத்தான் தெரிந்தாள்.

அன்றைக்கு மதிய ஒத்திகையில் பின்பலகை மூடவே இல்லை. கீழ்த்தளத்துப் பரிசுக் கடையில் நிற்கும் பெண்ணும் அங்கே இருந்தாள். ஒல்லிக்குச்சி என்று அவளுக்குப் பேர். ஒத்திகை நேரத்தில் அவளுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

"தோள்பட்டைய இன்னும் கொஞ்சம் உள்ள இழுங்கக்கா."

"கழட்டி உன் கையில குடுத்துட்டு வரவா?" என்றாள் பூனை.

ஒல்லிக்குச்சி போன பிறகு அவன் குரலை இறக்கினான். "ஒப்பந்தம் நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. நானா உன்னை எறக்கிவிட்டா என்னையும் சேத்து அனுப்பிடுவாங்க. நீயே மேனேஜர்கிட்ட போயி முடியலன்னு சொல்லிடு. மரியாதையா இருக்கும்."

"நீங்க?"

"வித்தை நிக்கக் கூடாதுல்ல. அந்தப் பொண்ணு ஏறட்டும்."

அவள் அறைக்குப் போய்க் குளித்தாள். இடது தோளில் சோப்புப் போடும்போது கை நின்றது. ஒளிவிடத்துக்குள் ஒரு திருகாணித் தலை துருத்திக்கொண்டு இருக்கும். வருஷக்கணக்காக அது குத்திக் குத்தி அந்த இடத்தில் காய்ப்புக் காய்த்திருந்தது. இப்போது அங்கே தோல் மெத்தென்று இருந்தது. மூட்டைக்காரர் மகளுக்குக் காய்ப்பைப் பற்றித் தெரியாதா? சுமை இறங்கினால்தான் அது இளகும். உடம்பு பெருத்திருந்தால் திருகாணி இன்னும் அல்லவா குத்தியிருக்க வேண்டும்?

ஈரத் தலையோடு ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினாள். திருகாணி இல்லை. வழவழப்பான பலகை. புதுப் பெயின்ட் வாசனை.

கப்பல் தச்சர் ஒரு நாற்காலிக் காலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க பெட்டிய ரிப்பேர் பண்ணீங்களா?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா சொன்னாரு. அலை அடிச்சா ஆடுது, உள்ள பலகை அடிச்சு இறுக்குங்கன்னாரு. மொதல்ல ஒண்ணு அடிச்சேன். போன துறைமுகத்துல இன்னொண்ணு. ஏம்மா, வேலை சுத்தமா இல்லையா?"

"ரொம்பச் சுத்தம்ண்ணே," என்றாள்.

அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். மேஜிக்காரன் வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே சொன்னது ஒரே வார்த்தைதான்: "இன்னைக்கு ஷோவுக்கு நீங்க கண்டிப்பா வரணும் சார்." வெளியே வந்து, "சொல்லிட்டேன்," என்றாள். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அவள் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

மாலையில் இசை கிளம்பியது. திரைக்குப் பக்கத்தில் ஒல்லிக்குச்சி சரிகை உடுப்பில் தயாராக நின்றாள். அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு, தன் பழைய உடுப்போடு பூனை மேடைக்கு வந்தாள்.

மேஜிக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, "எதுக்குடி வந்த, மூதேவி?" என்று உதடசையாமல் கேட்டான்.

"கதவைச் சாத்துங்க," என்று ஏறி உட்கார்ந்தாள்.

பின்பலகையை அவள் தொடவே இல்லை. காலை நீட்டிக்கொண்டாள். அவமானத்தில் ரெண்டு பேரும் சேர்ந்தே இறங்குவோம். நீ மூட்டை தூக்கு, நான் செங்கல் தூக்குகிறேன். அவள் கணக்கு அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் அவன் கோலைச் சுழற்றிக் கதவைத் திறந்தான். அவள் உட்கார்ந்திருந்தாள். படாரென்று சாத்தி, மறுபடியும் மந்திரம் சொல்லித் திறந்தான். அப்போதும் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மா அங்கயேதான் இருக்கு!" என்று ஒரு சின்னப் பிள்ளை கத்தியது.

அவனுக்குப் புத்தி கெட்டது. காலால் அவள் விலாவில் ஒன்று வைத்துப் பெட்டிக்குள் நெட்டித் தள்ளினான். அதில்தான் மொத்த அரங்கமும் வெடித்துச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் வலியில் முகத்தைச் சுளித்ததற்கு இன்னும் சிரித்தார்கள்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்மேடைக்கு வந்தார். "இவ்வளவு நாள் இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? மறையிற வித்தைய எல்லாக் கப்பல்லயும் பாத்தாச்சு. மறையாத பொம்பளைய எவன் பாத்தான்? அடுத்த ஒப்பந்தமும் உங்களுக்குத்தான். அந்த உதை மட்டும் கட்டாயம் வேணும். நீ நல்லாச் சாப்பிடும்மா, இன்னும் கொஞ்சம் சதை போட்டா பிரமாதமா இருக்கும்."

ஒல்லிக்குச்சி கடைக்கே திரும்பிப் போனாள். பூனை என்ற பேர் போய், பூசணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டில் மலைபோலக் கொட்டினார்கள். வெறும் வயிற்றோடு கிடந்து சுருங்கிய குடல் அதை ஏற்காமல் வெளியே தள்ளியது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் தின்றாள். மேஜிக்காரன் உதைக்கென்று முனை கெட்டியான பூட்ஸ் ஒன்று வாங்கினான். சிரிப்புக்காக உதைப்பதும் வயிற்றெரிச்சலில் உதைப்பதும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான். அவளும் சும்மா இருக்கவில்லை. உதை வாங்கி விழும்போது அவன் கைமேல் விழப் பழகினாள். அதில் அவன் விரல் ஒன்று வளைந்தே போனது. சீட்டு வித்தை இனி அவனுக்கு வராது.

கொஞ்ச நாளில் தச்சர் சாப்பாட்டுக் கூடத்தில் அவளிடம் வந்து தலையைச் சொறிந்தார். "விஷயம் தெரியாம அடிச்சுட்டேம்மா. அந்த ரெண்டு பலகையையும் எடுத்துடவா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஜிக்காரன் துணி சுற்றிய விரலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"வேண்டாம்ண்ணே. முன்பக்கம் இன்னொண்ணு அடிங்க. இறுக்கமா இருந்தா இன்னும் சிரிக்கிறாங்க."