இறுகிப் போன உறை

றெனோல்டை முதல் நாளே 'அண்ணை' என்று கூப்பிட்டதுதான் தாட்சாயினி செய்த பெரிய பிழை. முன்பின் தெரியாத, தன்னைவிட மூத்த ஆம்பிளையை யாழ்ப்பாணத்துப் பெண் வேறு எப்படிக் கூப்பிடுவாள்? வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல், நாற்பத்தேழு வயதில், ஐந்து சனிக்கிழமைகளாக அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் ஒரு வீட்டுக் கராஜில் அவளுக்கு வேலை. பழைய போர்க்காலத்துத் தோல் சாமான்களை அச்சொட்டாக அதேபோலப் புதிதாகச் செய்து விற்கும் மர்செல் என்ற கிழவரின் பட்டறை அது. அங்கே அதிகம் விலைப்படுவது இடுப்பில் கட்டும் கைத்துப்பாக்கி உறை. புது உறை பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். துப்பாக்கி பாதிக்கு மேல் இறங்காது. அதைப் பழக்கிக் கொடுப்பவள் தாட்சாயினி. துப்பாக்கியில் பிளாஸ்ரிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, உறையின் உட்புறத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் நனைத்து, மெல்ல மெல்ல உள்ளே இறக்கி, அகப்பைக் காம்பால் ஓரமெல்லாம் தேய்த்துவிடுவாள். பிறகு அப்படியே நிழலில் இரண்டு நாள் காயவேண்டும். சூடு மட்டும் காட்டக் கூடாது. காட்டினால் தோல் சுருங்கிவிடும்.

றெனோல்ட் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர். மனைவி காலமாகி ஆறு வருடம். கூட வேலை செய்யும் ஒருவர் அவரை, பழைய கனேடியப் படைவீரர்போல உடுத்து அணிவகுக்கும் கழகம் ஒன்றுக்குள் இழுத்துவிட்டிருந்தார். ஊரில் ஆமியைக் கண்டால் வேலி பாய்ந்த மனிதர், இங்கே தானே ஆமி உடுப்புப் போட்டு, மரத்தில் செய்த கைத்துப்பாக்கியோடு நவம்பர் பதினோராம் திகதி போரில் இறந்தோரின் நினைவுத் தூணடியில் நிற்கப் போகிறார். அந்தத் துப்பாக்கிக்கு வாங்கிய உறையைப் பழக்கத்தான் பட்டறைக்கு வந்தார்.

"எனக்கே சிரிப்பாத்தான் கிடக்கு" என்றார் முதல் நாள். "ஆனால் செத்ததுகளுக்காக நிக்கிறதுதானே. அதுக்கு ஆருடைய உடுப்பெண்டால் என்ன?"

அந்த ஒரு கதையில்தான் தாட்சாயினி விழுந்தாள். மணமுறிவாகிப் பன்னிரண்டு வருடம், மகள் ஒட்டாவாவில் படிக்கிறாள், வீட்டில் பேச்சுத்துணைக்கு வானொலி. அவளுக்கு இந்த மனிதர் வேண்டும். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவரிடம் சொல்லத்தான் முடியவில்லை.

சொல்ல முடியாதவள் வேறு வேலை பார்த்தாள். அவருடைய துப்பாக்கிக்குப் பிளாஸ்ரிக்கை ஒரு சுற்று மட்டும் சுற்றினாள். அப்படிச் செய்தால் உறை கொஞ்சம் இறுக்கமாகவே நிற்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்துப் பார்க்கிறவர், அடுத்த சனியும் இரண்டு பஸ் மாறி உறையோடு வருவார், சாப்பிட ரோல்ஸ் பார்சலோடு. வந்தார். ஆனால் அவள் விட்டதைவிட உறை இன்னும் இறுகியிருந்தது. அதற்கடுத்த சனியும் அப்படித்தான். பொல்லாத தோல் என்று நினைத்து, உள்ளுக்குள் அந்தத் தோலுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள். அவர் ஒரு நாளும் தன்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிடவில்லை என்பதையும் கவனித்து வைத்திருந்தாள். புதன்கிழமையானால் சனி வந்துவிடும் போலவும் இருக்கும், வராது போலவும் இருக்கும்.

இன்று ஆறாவது சனி. வருகிற செவ்வாய் நினைவு நாள். அதோடு உறைக்கு வேலை இல்லை, அவர் வரக் காரணமும் இல்லை. கடைசித் தடவையாவது ஒழுங்காகச் செய்து கொடுப்போம், மனிதர் நாலு பேர் முன்னால் மானங்கெடக் கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பிளாஸ்ரிக் தாளை இரண்டு சுற்றுக்கு வெட்டினாள். உறையை விளக்கின் கீழே திருப்பினாள்.

பின்பக்கத் தோலில் கறுத்த வரிகள், ஒரே இடைவெளியில் ஏழெட்டு. மொன்றியலில் பனியில் நனைந்த சப்பாத்தை ஹீட்டர் கம்பிமேல் காயவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த வரிகள். இத்தனை நாளும் உறையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது எப்படிக் கண்ணில் படும்?

"அண்ணை, இதை ஹீட்டருக்கு மேலை வைச்சனீங்களோ?"

றெனோல்ட் குளிர்த்தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார். "ஓம்."

"சூடு காட்ட வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ."

"சொன்னனீங்கள். காட்டினால் சுருங்கும் எண்டும் சொன்னனீங்கள். அதுதான் நனைச்சுப்போட்டு வைச்சனான்."

உள்ளே மர்செலின் வானொலியில் யாரோ பிரெஞ்சில் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாட்சாயினி உறையை மேசையில் வைத்தாள்.

"எத்தினை தரம்?"

"ஒவ்வொரு புதனும். இந்தக் கிழமை ரெண்டு தரம்."

அவள் வெட்டிய தாளை எடுத்து, பாதியாக மடித்து அவருக்குக் காட்டினாள். "இது ரெண்டு சுத்துச் சுத்த வேணும். உங்கடைக்கு நான் ஒரு சுத்துத்தான் சுத்தினனான். தெரிஞ்சுதான்."

அவர் தாளைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

"இது இனிப் பழகாது" என்றாள் அவள். "தோல் வெந்துபோச்சு."

"அப்ப செவ்வாய்க்கிழமைக்கு?"

"வெறும் உறையின்ரை மூடியைப் பூட்டிக்கொண்டு நில்லுங்கோ. அங்கை ஒருத்தரும் துவக்கை எடுக்கச் சொல்ல மாட்டினம்."

அவர் எழும்பி உறையைப் பைக்குள் வைத்தார். கதவடி வரைக்கும் போய் நின்றார்.

"அப்ப சனிக்கிழமை?"

வழக்கமான அந்தச் சொல் அவள் வாய்வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"சனிக்கிழமை வாங்கோ, றெனோல்ட். உறையைக் கொண்டுவர வேண்டாம்."