பிக்கப்பின் நடுவில் ஒரு ஓட்டை

அன்று காலை லோனா குச்சேரா சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். இனிமேல் டிராக்டரைச் சாலையில் ஓட்ட வேண்டியதில்லை. அவளுக்கு அது போதும்.

அவளுடைய நிலம் நயோப்ரரா ஆற்றுக்குத் தெற்கே இருந்தது. தம்பி டெல்வினுடையது வடக்கே, இருபது மைல் தள்ளி. இரண்டிலும் மாட்டுத் தீவனமான குதிரைமசால்தான். புல் வெட்டும் கருவியும் கட்டுப் போடும் கருவியும் இரண்டு இடத்திலும் உண்டு, டிராக்டர் மட்டும் ஒன்று. ரயில்வே வேலை கிடைத்து ஒமாஹாவுக்குப் போனபோது, "இந்த ஒரு கோடைக்கு மட்டும் என் பக்கத்தையும் பாத்துக்கோ, லோனா" என்று டெல்வின் சொல்லியிருந்தான். இது நான்காவது கோடை. விடியற்காலையில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அது முடிந்ததும் புல் அறுப்பு, ஒரு வாரம் இங்கே என்றால் மறு வாரம் அங்கே.

டிராக்டர் அந்த இருபது மைலையும் ஊர்ந்துதான் போகும். பின்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கும். முந்திப் போகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள், இவளும் ஒரு விரலைத் தூக்குவாள். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த விரல்கூட ஓய்ந்துவிடும். போன வாரம் அப்படி டெல்வின் நிலத்துக்குப் போகும்போது கண் அயர்ந்துவிட்டாள். விழித்துப் பார்த்தால் முன்சக்கரம் சாலையோரப் பள்ளத்துப் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

டெல்வினுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அவன் பதறிப் போய்விட்டான்.

"அடக் கடவுளே, கவுந்திருந்தா? இரு, சனிக்கிழம நான் வரேன். ட்ரெய்லர் ஒண்ணு வாங்கி, டிராக்டர அதுல ஏத்தி, உன் பிக்கப் வண்டில இழுத்துக்கலாம். காசு என்னுது."

சொன்னபடியே வந்தான். அவன் சொன்ன சொல் தவறமாட்டான். அந்த ஒரு கோடை விஷயத்தில் மட்டும்தான் தவறினான்.

ட்ரெய்லர் விற்கும் ஆர்லன், பள்ளிக்கூடத்தில் லோனாவின் வகுப்பில் படித்தவன். மேஜைமேல் நடுவில் ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச் ரொட்டிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான்.

"டிராக்டர் என்ன கனம்?"

டெல்வின் போனில் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"பின் டயர்ல தண்ணி இருக்கா?"

டெல்வின் அக்காவைப் பார்த்தான்.

"இருக்கு. மேட்டுல வழுக்காம இருக்கணும்னு அப்பா ரெண்டுலயும் ரொப்பி வெச்சாரு" என்றாள் லோனா.

"அப்ப நீ படிச்சத மறந்துரு, டெல்வின். முன்னாடி மண் அள்ளுற வாளி வேற தொங்குது. நீ பாத்துக்கிட்டிருக்கற இந்தச் சின்னதுல ஏத்தினா மொதல் எறக்கத்துலயே ட்ரெய்லர் உன்ன முந்திக்கிட்டுப் போயிரும்."

அந்தச் சின்னது போக, மிஞ்சியவை இரண்டு. ஒன்று பம்பருக்குக் கீழே, தலை உருண்டையாக இருக்கும் பந்துக் கொக்கியில் மாட்டுவது. இன்னொன்று வாத்துக்கழுத்து. அதன் முன்பக்கம் வாத்தின் கழுத்துப்போல் வளைந்து வந்து பிக்கப்பின் தளத்துக்கு நடுவில் உட்காரும்.

"பின்னாடி மாட்டினா கனமெல்லாம் வண்டியோட பிட்டத்துல உக்காரும். காத்தடிச்சா ஆட்டம் காட்டும். வாத்துக்கழுத்துன்னா பின்சக்கர அச்சுக்கு மேலயே உக்காரும், மூட்டையத் தோள்ல வெச்ச மாதிரி" என்றான் ஆர்லன். "ஆனா தளத்துல ஓட்ட போடணும். கீழ இரும்புச் சட்டம் வெச்சு இறுக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்."

டெல்வின் வாத்துக்கழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அதன் நீளம் அவனுக்குப் பிடித்துப்போனது.

"லோனா, இதுல டிராக்டரையும் ஏத்தலாம், டிராக்டர் இல்லாதப்ப உருட்டிக் கட்டுன புல்லுக்கட்டுங்களயும் ஏத்தலாம். தெற்க பால்பண்ணைக்காரங்க நல்ல விலை தராங்களாம். நீயே கொண்டு போய் எறக்கிட்டு வந்துரலாம்."

"நானேவா?"

"இது இருந்தா உனக்கு அலுப்பே தெரியாது."

லோனா கையிலிருந்த கொலாச்சில் பழத்தை மட்டும் தின்றாள்.

"ட்ரெய்லர் அடித்தளத்துக்கு எந்தப் பலக போடட்டும்?" என்றான் ஆர்லன். "நாலஞ்சு வருஷத்துக்குன்னா பைன் போதும். ரொம்ப நாளைக்குன்னா ஓக்."

"ஓக் பலகையே போடு. குச்சேரா வீட்டுப் பொம்பளைங்க லேசுல ஓயமாட்டாங்க. எங்க அத்த எம்பது வயசுலயும் பால் கறந்தா." டெல்வின் சிரித்தான். ஆர்லனும் சிரித்தான்.

லோனாவுக்கு முப்பத்தொன்பது. எண்பதில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். அதை வருஷத்துக்கு நாலு அறுப்பால் பெருக்கப் போய், பாதியில் விட்டுவிட்டாள். கிளம்பும்போது இருந்த சந்தோஷம் எப்போது போனது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. டெல்வின்மேல் கோபப்படவும் முடியவில்லை. பள்ளத்துக்குப் போனதைச் சொன்னதும் லீவு போட்டு ஓடி வந்தவன் அவன். அந்த வேலையை எப்படிச் சுலபமாக்குவது என்றுதான் அவன் யோசித்தான். அவள் அதைச் செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வி அவனுக்கு வரவில்லை. அன்று காலைவரை அவளுக்குமே வரவில்லை.

ஆர்லன் பிக்கப்பின் தளத்தில் ஏறி, டேப்பை விரித்து அளந்து, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டான். துளைபோடும் மெஷினை எடுத்து வர உள்ளே போனான். திரும்பி வந்தபோது லோனா அந்தக் குறியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நகரு, லோனா. ஓட்ட வேற எங்கயாவது விழுந்துரப் போவுது."

"ஓட்ட வேணாம்."

"பம்பர்ல மாட்டுறதே போதுங்கறியா?"

"அதுவும் வாங்க வேணாம். அந்த மாதிரி ஒண்ண ஒரு நாள் வாடகைக்குக் குடுப்பியா?"

டெல்வின் கையை விரித்தான். "ஒரு நாளைக்கா? ஒரு நாள்ல என்ன பண்ணுவ?"

"டிராக்டர் இப்ப உன் பக்கம் நிக்குது. அத என் வீட்டுக்குக் கொண்டு வரணும்."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

டெல்வினுக்குப் புரியச் சிறிது நேரமானது. "நான் காசு போட்டு வாங்கித் தரேங்கறேன். உனக்கு நல்லது பண்ணத்தான வந்தேன்?"

"தெரியும்டா. அதான் இத்தன நேரம் வாயத் தொறக்கல."

"என் நெலம்?"

"குத்தகைக்கு விடு. இல்ல, நீயே வந்து அறு."

"வேலைய விட்டுட்டா? இதப் போன வருஷமே சொல்லியிருக்கலாமில்ல?"

"போன வருஷம் ஓட்ட போட யாரும் வரல."

ஆர்லன் மெஷினைத் தரையில் வைத்தான். அக்கா தம்பி சண்டையில் நிற்க அவனுக்குப் பிடிக்கவில்லை. "டிராக்டர் ஏறச் சாய்தளம் வெச்ச ட்ரெய்லர் ஒண்ணு பின்னால நிக்குது. பிரேக்கு நல்லா இருக்கு. உன் பிக்கப்பு இழுத்துரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பெரிய பந்துக் கொக்கியைத் தேடிப் போனான்.

வாடகை ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு இருவரும் வடக்கே போனார்கள். டெல்வின் நிலத்தில் குதிரைமசால் கணுக்கால் உயரம் வந்திருந்தது. லோனா டிராக்டரை மெதுவாக ட்ரெய்லரில் ஏற்றி நிறுத்தினாள். கனம் பின்னால் போய்விட்டதால் பிக்கப்பின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. "முன்னாடி வா... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று டெல்வின் கை காட்டினான். பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் இறங்கி அமர்ந்தது. இதெல்லாம் அவனுக்கு மறந்திருக்கவில்லை. மூலைக்கொரு சங்கிலி மாட்டி, இவள் ஒரு பக்கமும் அவன் மறுபக்கமும் இறுக்கினார்கள்.

"அடுத்த அறுப்பு மூணு வாரத்துல வந்துரும், லோனா."

"ஆமா."

"அதுக்குள்ள ஆள் கெடைக்கலன்னா?"

நான் வரேன் என்ற சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது. நாலு வருஷப் பழக்கம். குனிந்து, இறுக்கிய சங்கிலியையே இன்னொரு முறை இறுக்கினாள்.

"பூத்து நிக்கும்" என்றாள். "ஊதா ஊதாவா."

"பூத்துட்டா மாட்டுக்கு ஆகாதே."

"ஆகாதுதான்."

டெல்வின் வயலைப் பார்த்தபடி நின்றான். பிறகு போனை எடுத்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். பக்கத்து நிலத்துக்காரர்களின் நம்பர் ஒன்றுகூட அவனிடம் இல்லை. லோனாவிடம் கேட்டான். அவள் மூன்று பேரின் நம்பரைச் சொன்னாள். நிதானமாக, அவன் பதிந்துகொள்ள நேரம் கொடுத்துச் சொன்னாள். நாலாவதாக யாராவது என்று அவன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.