பிறக்காதவர்களின் நாற்காலி

வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒரு கண்ணாடி போதாது என்பார்கள். பெரியவளும் சின்னவளும் கண்ணாடிக்காக ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அவர்களுக்கு நடுவே வந்து விழுந்தது ஒரு நாற்காலி.

மேட்டுக்காரர்களும் பள்ளத்துக்காரர்களும் கால்வாய்த் தண்ணீருக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மண்டல மன்றம் சில நெறிகளை ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஒன்று, நிலம், நீர் பற்றி எதை முடிவு செய்தாலும், இன்னும் பிறக்காதவர்களுக்காக மன்றத்தில் ஒரு நாற்காலி போடவேண்டும் என்பது. குலுக்கலில் வந்த மாணவர் அதில் உட்காருவார். வாக்கெடுப்பில் அவர் எழுந்து நின்றால் தீர்மானம் தள்ளிப்போகும். இரு தரப்பும் மறுபடி பேசியாக வேண்டும். அவர் எழுவாரா என்பது முன்னாலேயே வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் மிரட்டுகிறவர் மிரட்டுவார், காக்காய் பிடிக்கிறவர் பிடிப்பார். கசிந்துவிட்டால் அன்றைக்கு அடுத்த சீட்டுக்காரர்தான் உட்காரவேண்டும்.

முதல் சீட்டு பெரியவளுக்கு விழுந்தது. அடுத்தது சின்னவளுக்கு. அந்த அடுத்ததைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரியவள் கூடத்துக்கு வந்தால், பேருந்து ஓட்டும் அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். "வாங்க மேடம். பொறக்காதவங்கள்லாம் சௌக்கியமா?"

"பொறந்தவ ஒருத்தி இங்க இருக்கேன். என்னையும் யாராவது கேளுங்க" என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். வயிறு எரிந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கால்வாயைத் தொழிற்சாலைப் பக்கம் திருப்பும் தீர்மானம் மறுநாள் வரவிருந்தது. எழுவாளா மாட்டாளா என்று பெரியவள் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஆனால் நடு அறையில், அலமாரிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததைக் கதவிடுக்கு வழியாகச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் டியூஷன் வாசலில் தோழி சொன்னாள்: "உங்கக்கா நடையே தனிடீ. நீயும்தான் இருக்கியே."

"பெரிய நடை. நாளைக்கு எந்திரிச்சு நிக்கறதுக்குக் கண்ணாடி முன்னாடி ஒத்திகை பாத்துக்கிட்டு இருக்கா."

தோழியின் முகம் மாறியபோதுதான், அவள் அப்பா அந்தக் கால்வாய் வேலைக் காண்ட்ராக்டர் என்பது சின்னவளுக்கு உறைத்தது.

ராத்திரி விளக்கணைத்து வெகுநேரம் ஆகியும் சின்னவள் புரண்டுகொண்டே கிடந்தாள்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா. சொல்லு."

சொன்னாள். சொல்லிவிட்டுப் போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள். "அவங்கப்பா உன்னை ஏதாச்சும் பண்ணிடுவாராக்கா? பயமா இருக்கு."

"ஏன்டீ சொன்னே?"

"எங்க போனாலும் உன் பேச்சு. எனக்கு நிக்கவே இடமில்ல."

பெரியவள் தலையணைக்கடியில் கையை விட்டாள். போனை எடுத்து மன்றத்துச் செயலாளருக்கு ஏதோ எழுதினாள். வெளிச்சத்தில் அவள் மூக்கு மட்டும் தெரிந்தது.

"யார் சொன்னான்னு எழுதினியா?"

"கசிஞ்சிடுச்சுன்னு மட்டும் எழுதினேன். நாளைக்கு நீ போகணும்."

"நான் நாற்காலிக்காகச் சொல்லலக்கா. சத்தியமா."

"தெரியும். அவ்வளவு மூளை உனக்கு ஏது?"

"அப்ப நான் என்ன பண்றது? எந்திரிக்கணுமா?"

"எங்கிட்ட கேக்காத. என்ன பண்ணப் போறேன்னு சொல்லவும் செய்யாத." பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்க. இஸ்திரி போட்டு மாட்டியிருக்கேன்." சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

இத்தனை நாள் தன் வயிற்றில் கிடந்த நெருப்பு இடம் மாறிவிட்டதைச் சின்னவள் கண்டுகொண்டாள்.

"பொறாமையா இருக்காக்கா?"

"கொல்லுது. படுத்துத் தொலை."

கொஞ்ச நேரத்தில் பெரியவள் நிஜமாகவே தூங்கிப்போனாள். அந்தத் தூக்கத்தின் மீதும் சின்னவளுக்குப் பொறாமை வந்தது. நாளைக்குத் தீர்மானம் வாசிக்கும்போது மன்றமே தன் முழங்காலைப் பார்க்கும் என்று நினைத்ததும் போர்வையை உதறினாள்.

எழுந்து நடு அறைக்குப் போனாள். முக்காலியைக் கண்ணாடி முன்னால் இழுத்துப் போட்டாள். உட்காரப் போனவள் திரும்பி வந்து, இடுக்கில்லாமல் கதவை ஒட்டச் சாத்தினாள்.