பூசணி என்று எழுதிய பொட்டலங்கள்

மூன்றாவது பொட்டலத்தையும் வெட்டிவிட்டாள். உள்ளே இறைச்சி. மேலே அம்மாவின் கையெழுத்தில் ‘பூசணி’ என்று இருந்தது, கீழே தேதி. முதல் இரண்டிலும் அதே கதைதான்.

போன் சமையலறைத் தரையில் ஸ்பீக்கரில் கிடந்தது. மறுமுனையில் அண்ணன். மருத்துவமனையின் பின்பக்கக் கவுன்டரில் நிற்கிறான். அம்மாவின் அடையாள அட்டையைக் கொண்டுவந்தால்தான் உடலைத் தருவார்களாம். போட்டோ எடுத்து அனுப்பினால் ஆகாது, அசல் வேண்டும். இரண்டு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. அதுவரை அம்மா அந்தக் குளிர் அறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

“கெடச்சுதா?”

“கறி கெடச்சுது.”

“வெளையாடாத.”

“நான் எங்க வெளையாடுறேன். பூசணின்னு எழுதியிருக்கு, உள்ள கறி இருக்கு.”

அண்ணனுக்குப் பின்னால் யாரோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டினார்கள். பிறகு, எல்லாவற்றையும் வெட்டிப் பார், மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, வீட்டிலிருந்து இங்கே வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஃப்ரீசரில் இன்னும் முப்பது பொட்டலமாவது இருக்கும். நோட்டுப் புத்தகங்கள் மாதிரி தட்டையாக, நிமிர்த்தி அடுக்கியிருந்தாள் அம்மா. பிளாஸ்டிக் மேல் வெள்ளையாகப் பனி படிந்து, உள்ளே இருப்பது தெரியவில்லை. தேய்த்துத் தேய்த்துப் படித்தாள். பூசணி. பூசணி. பட்டாணி. பூசணி.

இந்த வீட்டில் யாரும் பூசணி சாப்பிடுவதில்லை. அப்பாவுக்கு அதன் வாசனையே ஆகாது.

அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, “பூசணியில இருக்கும்” என்று சொன்னவர் அப்பாதான். சாப்பாட்டு மேசையருகே, மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் அம்மாவின் செருப்பு, கண்ணாடி, தலைக்கு மாட்டும் கிளிப். மனிதர் குழம்பிவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இந்த வீட்டின் நோயாளி அவர். கிட்னிக்கு மாத்திரை, இதயத்துக்கு மாத்திரை, வாரம் ஒருநாள் உள்ளங்கை அளவு கறி என்று டாக்டர் கட்டளை. அம்மாவுக்கு ஒன்றுமே கிடையாது. விடியற்காலையில் எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எட்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டாள். அப்பாவுக்கு வரும் என்று எல்லோரும் தயாராக இருந்தது ஆள் மாறி அம்மாவுக்கு வந்துவிட்டது.

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஃபிளாஸ்கில் டீயோடு ஏறி வந்தாள். தரையில் கிடந்த கறியைப் பார்த்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்கம்மா எழுதுனத நம்பியா தேடுற? கறி அத்தனைக்கும் பூசணின்னுதான் எழுதுவாங்க. இல்லாட்டி இவரு ஒரே நாள்ல முடிச்சிடுவாராம்.”

மாதக் கடைசியில் கறிக்கடையில் விலை இறங்கும்போது இருவருமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்குவார்களாம். மேலே கொண்டுவந்து பங்கு பிரித்து, உறிஞ்சியில் போட்டு ஒட்டுவார்களாம். உறிஞ்சி என்பது அந்த மெஷினுக்கு அண்ணன் வைத்த பெயர். பையிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வாயைச் சுட்டு ஒட்டும். அம்மா இருபத்திரண்டு வருடம் மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். ஓய்வு பெற்ற மாதம் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. கறி, பட்டாணி, ரொட்டி, பாதி எலுமிச்சம்பழம், எதையும் விடவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் நம்மையும் ஒட்டி உள்ளே வைத்துவிடுவாள் என்று அண்ணன் சொல்வான். அம்மா சிரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கூரை ஒழுகி, அலமாரியிலிருந்த பத்திரங்கள், சான்றிதழ்களில் பாதி கூழாகிப்போயின. தப்பித்த காகிதங்களை அம்மா மறுநாளே உறிஞ்சியில் போட்டு ஒட்டிவிட்டாள். அவற்றை எங்கே வைத்தாள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“திருடன் வந்தாலும் பூசணியத் தூக்கிட்டுப் போக மாட்டான்னு சொல்லுவாங்க,” என்றாள் தையல்கார அக்கா. “அப்போ எனக்குப் புரியல.”

நான்காவது, ஐந்தாவது. கறி. கறி. ஆறாவதை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தபோது அப்பா எழுந்து வந்தார்.

“எல்லாத்தையும் வெட்டாதம்மா. கெட்டுப்போயிடும்.”

“கெட்டுப்போகட்டும்ப்பா.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பையை நாற்காலியில் வைத்தார். மேல்தட்டிலிருந்து உறிஞ்சியை இறக்கி மேசையில் வைத்து வயரைச் சொருகினார். வெட்டிப்போட்ட முதல் பொட்டலத்தை எடுத்து, வாயின் உள்பக்கத்தைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, மெஷினின் உதட்டில் நேராக வைத்து மூடியை இரண்டு கையாலும் அழுத்தினார். மெஷின் முனகியது. சிவப்பு விளக்கு பச்சையானது. எடுத்து, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்துவிட்டு ஃப்ரீசரில் அதன் இடத்திலேயே நிறுத்தினார். இரண்டாவதை எடுத்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவைப் போட்டுவிட்டு இதைச் செய்ய எப்படி மனம் வருகிறது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வேறொன்று உறைத்தது. அப்பாவுக்கு டீ போடத் தெரியாது. தண்ணீர்ப் பாட்டில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பவர். ஈரத்தைத் துடைக்காவிட்டால் ஒட்டாது என்று இவருக்கு யார் சொன்னது?

“அப்பா, இது எப்படித் தெரியும் உங்களுக்கு?”

அவர் மூன்றாவதையும் ஒட்டி முடித்தார். தையல்கார அக்கா டீயை ஊற்றுகிற சாக்கில் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

“அவ கடைக்குப் போற நேரம்,” என்றார் அப்பா, மெஷினைப் பார்த்தபடி. “ரெண்டே துண்டு. ஒடச்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டிடுவேன். சின்ன வாணலியில வறுத்துட்டு அதையும் கழுவி வச்சிடுவேன்.”

“எத்தன நாளா?”

“மெஷின் வந்ததுலேருந்து.”

மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

“அட்டை இருக்குற பொட்டலத்தையும் தொறந்திருக்கீங்களா?”

“கறின்னு நெனச்சு வெட்டிட்டேன். காகிதமா இருந்துச்சு. அப்படியே ஒட்டி வச்சிட்டேன்.” ஃப்ரீசர் பக்கம் கையை நீட்டினார். “நான் வெட்டுனது கோணலா இருக்கும். அவ வெட்டுனா ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். கோணலா இருந்து, ஆனா உள்ள கொறையாம இருந்தா அதுதான்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

அவர் தையல்கார அக்காவின் முதுகைப் பார்த்தார். பிறகு மகளை.

“அம்மாகிட்ட சொல்லாத.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் கேலியாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

“சொல்லல,” என்றாள்.

பொட்டலங்களை மேசையில் பரப்பினாள். அவர் சொன்னது சரிதான். கோணல் வாய்கள் ஒரு டஜனுக்கு மேல். சிலதில் பாதிதான் இருந்தது. தடவிக்கொண்டே போனபோது ஒன்று கனமில்லாமல், தட்டையாக, முழுதாக இருந்தது. வெட்டினாள். அம்மாவின் பழைய கம்பெனித் துணிப்பை. அதற்குள் மடித்த பத்திரம், இரண்டு சான்றிதழ், அட்டை. அட்டை பனிக்கட்டி மாதிரி இருந்தது. போட்டோவில் அம்மா யாரையோ திட்டப்போகிறவள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனைக் கூப்பிட்டு, கிடைத்துவிட்டது, கிளம்புகிறேன் என்றாள். எங்கே இருந்தது என்று கேட்டான். பூசணியில் என்று சொல்லி வைத்தாள்.

அட்டையைச் சுற்றிக்கொள்ள ஒரு பை தேடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். அம்மா முன்கூட்டியே வெட்டி, அடிப்பக்கம் ஒட்டி வைத்திருந்த காலிப் பைகள் இரண்டு கட்டாக இருந்தன. ஒரு கட்டில் தையல்கார அக்காவின் கதவு எண். மற்றதில் எதுவும் எழுதவில்லை.

“எழுதாத இந்தக் கட்டு ஏன் இவ்ளோ நீளம்?”

தையல்கார அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு சாண் வித்தியாசம்.

“ஒரே அளவு கறிதான்,” என்றாள். “எனக்குப் பை வெட்டித் தர்றப்போ வாய்ப்பக்கம் மூணு விரலுக்கு மேல விடமாட்டாங்க. பிளாஸ்டிக் சுருளு என்ன விலை தெரியுமான்னு கேப்பாங்க. இது என்னன்னு தெரியலயே.”

அவள் நீளப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெட்டி ஒட்டும் ஒவ்வொரு தடவையும் பை இரண்டு விரல் குறையும். ஒரு சாணுக்கு ஐந்தாறு தடவை தாங்கும். அம்மாவின் வெட்டு ஸ்கேல் வைத்த மாதிரி இருந்தது. மேசை முழுவதும் கோணல் வாய்கள் கிடந்தன. மாத்திரைப் பட்டையில் ஒரு குமிழ் நசுங்கியிருந்தால் கூட எடுத்துத் தனியாக வைத்தவள். இந்தக் கோணல் அவள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கடைசிப் பொட்டலத்தின் மேல் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது?

நீளப் பையை மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டு, அக்காவின் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து அட்டையை அதில் போட்டுக்கொண்டாள். மணி ஒன்று ஐந்து. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்காவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

வாசலிலிருந்து பார்த்தபோது அப்பா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதட்டின் ஓரத்தில் இருந்த ஒரு துளி ஈரத்தையும் விடவில்லை. வயரை அம்மா சுற்றுவதைப் போலவே நான்கு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகினார். மேல்தட்டில் தூக்கி வைத்தார். ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, அதை ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்தி வைத்தார்.